மண்ணீரல் நோட்டில் ஆறாம் எண்

1

இந்தக் கதை சோற்றுத் தட்டுக்கு முன்னால் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, எங்கிருந்து எடுத்தாய் என்று என்னைக் குடையக் கூடாது. பாளையங்கோட்டையில் பியூலா அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா டாக்டர். முப்பது வருஷம் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவித் தடவி மலேரியாவைப் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் என்னிடம் பேசுகிறாள்.

"அம்மை வந்துட்டுன்னு வையி, உடம்பு சாகுத வரைக்கும் அதை மறக்காது," என்றாள். "மலேரியா அப்படி இல்லலே. பத்துத் தடவ வந்து, உடம்பு பாடுபட்டு அதைப் படிக்கும். படிச்ச பொறவு கிருமி ரத்தத்துல கெடந்தாலும் ஆளு எந்திச்சு வேலைக்குப் போயிருவான். ஆனா காய்ச்சலே இல்லாத ஊர்ல போயி ரெண்டு மூணு வருசம் இருந்தாம்னு வையி, படிச்சது பாதி மறந்து போவும்."

"அப்போ மலையடிவாரத்துல பொறந்து, டவுணுக்கு வாக்கப்பட்டு, தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போன பொண்ணுங்க?"

அக்கா பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தாள். "சாப்பிடுத நேரத்துல கேக்குத கேள்வியாலே இது?" என்றாள். அதற்குமேல் அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"1913ஆம் வருஷம் ஐப்பசியில், பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு கொசு—"

வேண்டாம். கொசுவில் ஆரம்பித்தால் ஐந்தாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது. அடுத்தது:

"பொதிகையில் பிறந்து இறங்கும் தாமிரபரணி தன்னோடு மருந்தையும் கொண்டுவருகிறாள், நோயையும்—"

இதுவும் வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அதன்மேல் பழி போட வாய் வரவில்லை. மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:

"ஞானையாவின் வலது கை விரல்களுக்கு, எதிரே நிற்கும் பிள்ளையின் பேர் தெரியாது; மண்ணீரல் மட்டும் தெரியும்."

2

ஞானையா பாளையங்கோட்டைக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன மருந்துச்சாலையில் கம்பவுண்டராக இருந்தார். 1906இல் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மலையடிவாரத்து ஊர்களில் மண்ணீரல் கணக்கெடுக்க வந்தபோது, ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இவரைக் கூட்டிப்போனார்.

மண்ணீரல் கணக்கு என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, "மூச்சை இழு" என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் அடிக்கடி வந்த பிள்ளையாக இருந்தால் உள்ளிருந்து கெட்டியாக ஒன்று இறங்கி விரலில் முட்டும். ஊரில் அதற்குக் காய்ச்சக்கட்டி என்று பேர். விலாவுக்குக் கீழே அது எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.(1)

அந்த அதிகாரிக்கு ஒரு கறார் உண்டு. பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்பே நோட்டில் அடுத்த எண்ணைப் போட்டுவிட வேண்டும். எண் விழுந்துவிட்டால் அதற்கு நேரே ஒரு ஆள் வந்தே தீரவேண்டும். யாரும் விட்டுப்போக மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தப் பழக்கம் ஞானையாவிடம் ஒட்டிக்கொண்டது. வண்ணானுக்குப் போட்ட துணியை எழுதினால்கூடக் கடைசி உருப்படிக்குக் கீழே அடுத்த எண்ணையும் எழுதிவைப்பார். "இன்னும் எந்த வேட்டியை அவிழ்த்து இதுக்கு நேரே போடப் போறீங்க?" என்று அவர் மனைவி ஞானசௌந்தரி கேலி செய்வாள்.

அந்த மலையடிவாரத்து ஊர்களில் ஒன்றான அணைக்கரைப்புதூரில் குற்றாலலிங்கத்தின் மகள் கோமு வரிசையில் வந்து நின்றாள். பத்து வயசு. இடது வயிற்றில் மூன்று சூட்டுத் தழும்பு இருந்தது. நாலு வயசில், கட்டி கரையட்டும் என்று கம்பியைக் காய்ச்சி வைத்தது. ஞானையா விரலை வைத்தார். ஒன்றும் முட்டவில்லை. மறுபடி வைத்தார். அவளுக்குப் பின்னால் நின்ற மூன்று வயசுப் பிள்ளைக்கு நாலு விரற்கடை இறங்கியிருந்தது. இவளுக்கோ கட்டி சுருங்கி விலாவுக்குள்ளேயே போய்விட்டது.

"இவளுக்குக் காய்ச்சல் வாரதில்லையா அண்ணாச்சி?"

"சின்னதுல செத்துப் பொழைச்சா," என்றார் குற்றாலலிங்கம். "இப்பம் எப்பமாவது ஒரு நாளு படுப்பா. மறுநா எந்திச்சு ஓடிருவா."

"அப்போ இனி பயமில்ல. உம்ம மகளைக் காய்ச்சல் ஒண்ணும் செய்யாது."

அன்றைக்கு, அந்த ஊரில், அது உண்மை. அதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். நாலு வருஷம் கழித்து டவுணிலிருந்து கோமுவைப் பெண் கேட்டு வந்தார்கள். மலையடிவாரத்துப் பெண் சீக்காளியாக இருப்பாளோ என்று தயங்கினார்கள். குற்றாலலிங்கம் அவர்களை நேரே மருந்துச்சாலைக்குக் கூட்டிவந்து, அந்த ஒரு வாக்கியத்தை ஞானையா வாயால் மறுபடி சொல்லவைத்தார். கல்யாணம் நடந்தது. ஞானையாவுக்கு ஒரு வேட்டியும் துண்டும் வந்து சேர்ந்தன.

(1. மண்ணீரல் ரத்தத்தைச் சலிக்கிற சல்லடை. கிருமி புகுந்த சிவப்பணுக்களைப் பிடித்து அழிக்கும். வேலை கூடினால் வீங்கும். காய்ச்சலைப் படித்துவிட்ட உடம்பில், கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிரணுக்கள் பாதி வேலையை ஏற்றுக்கொள்வதால் அது சுருங்கும். இதைப் படித்த பியூலா அக்கா, "எதிரணு இல்லலே, எதிர்ப்பொருள். எழுதுதவனுக்கு இதுகூடவா தெரியாது?" என்றாள். தெரியாது. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். என் லட்சணம் வாசகருக்கும் தெரியட்டும்.)

3

1913, ஐப்பசி. மருந்துச்சாலை வாசலில் குற்றாலலிங்கத்தின் வில்வண்டி வந்து நின்றது. அணைக்கரைப்புதூரில் வில்வண்டி அது ஒன்றுதான். குலுங்காது என்பதால், அந்த ஊரில் யார் வீட்டுப் பெண் பிள்ளைப்பேற்றுக்கு வந்தாலும் ரயிலடியிலிருந்து அதைத்தான் இரவல் கேட்பார்கள். இன்றைக்கு அது சொந்த வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்தது.

"ஓய் கம்பவுண்டரே! கையை நீட்டும். மகளுக்கு ஏழாம் மாசம். டவுண் அல்வா இது. நீரு சொன்ன சொல்லாலதான வே இந்தக் கல்யாணமே நடந்துச்சு!"

ஞானையா அல்வாவை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் பார்த்தார். கோமுவுக்குப் பதினேழு வயசு. கை கொள்ளாத வளையல். ரயிலில் வந்த அசதி இருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

"சொகமா இருக்கியாம்மா?"

"இருக்கேன் ஐயா. டவுணுக்குப் போயி மூணு வருசத்துல ஒரு காய்ச்சல் தலைவலின்னு படுத்ததில்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலுக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஞானையாவுக்கு அல்வா வாய்க்குப் போகவில்லை.

"ஒரு குளிர்காய்ச்சல்கூட வரலையா?"

"இல்லையே."

அவர் குற்றாலலிங்கத்திடம் திரும்பினார். "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீரும். இவ மேல மலையடிவாரத்துக்கு வர வேண்டாம். பேறுகாலம் முடியுத வரைக்கும் டவுண்லயே இருக்கட்டும். மூணு மணி ரயிலுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிரும்."

குற்றாலலிங்கம் சிரித்துவிட்டார். "என்ன வே பேச்சு இது? தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் பொறப்பட்ட பொண்ணு பாதி வழில திரும்புவாளா? சம்பந்தி வாசல்ல போயி நின்னு நான் என்னன்னு சொல்ல? இவ அம்மா அங்கன எண்ணெயும் பாலுமா எடுத்து வச்சுக்கிட்டு வழியைப் பாத்துக்கிட்டிருக்கா."

"மேல இந்த வருசம் காய்ச்சல் ஜாஸ்தி அண்ணாச்சி."

"இருக்கட்டுமே. இவ அந்த மண்ணுல பொறந்தவ. காய்ச்சல் இவளை ஒண்ணும் செய்யாது. நீருதான வே சொன்னீரு?"

4

இங்கே வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். மாடுகள் வைக்கோல் தின்னட்டும்.

எனக்கு ஞானையாமேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்படிச் சொல்ல அவருக்கு எப்படித் தோன்றும்? கொசு காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பதே அவர் காதில் விழுந்து பத்து வருஷம்தான் ஆகியிருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பியூலா அக்கா சொல்லித் தெரிந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன். அவருக்குக் கேட்காது, உங்களுக்குக் கேட்கும்.

கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குள் போய்ப் பெருகுகிறது. பிறகு ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் அந்தக் குளிரும் நடுக்கமும். தான் புகுந்த சிவப்பணுவின்மேல் கிருமி ஒரு சட்டையை மாட்டி வைக்கிறது. உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு அடிப்பதற்குள் வேறு சட்டைக்கு மாறிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒவ்வொரு சட்டையாகத்தான் உடம்பு தெரிந்துகொள்ள முடியும். கோமுவின் உடம்பு பத்து வயசுக்குள் அந்த ஊரில் திரிந்த சட்டைகளில் பெரும்பாலானவற்றைத் தெரிந்துவைத்திருந்தது. அந்தப் படிப்புக்குத்தான் அவள் நாலு வயசில் செத்துப் பிழைத்தாள். டவுணில் மூன்று வருஷம் எதையும் பார்க்காததால் அந்த நினைவு மங்கிப்போனது.

அதுவாவது போகட்டும். கர்ப்பிணியின் வயிற்றில் நஞ்சுக்கொடி என்று ஒரு புது இடம் உண்டாகிறதே, அங்கே போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே இந்தக் கிருமி ஒரு தனிச் சட்டை வைத்திருக்கிறது. தலைப்பிள்ளைக்காரியின் உடம்பு அதை அதற்குமுன் கண்டதே இல்லை. ஊரைவிட்டு நகராதவளுக்கும் இது ஆபத்துதான்; மூன்று வருஷம் விலகி இருந்தவளுக்கு இரட்டை ஆபத்து. இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்குள் உடம்பு அதையும் படித்துவிடும். தலைப்பிள்ளைக்காரியைத்தான் நம் வழக்கம் தாய்வீட்டுக்கு அனுப்புகிறது. பாசத்தோடு, வளையல் பூட்டி, வில்வண்டி வைத்து அனுப்புகிறது.

ஒரு திருட்டுத்தனம் செய்து பார்த்தேன். கீழே இருப்பது எழுதி அடித்த வரி:

"அந்தக் கணத்தில் ஞானையாவின் மனசில் மின்னல் வெட்டியதுபோல எல்லாம் விளங்கியது. நஞ்சுக்கொடியில்—"

ஒரு மண்ணும் விளங்கியிருக்காது. பல வருஷம் கழித்து யார் யாரோ கண்டுபிடித்ததை அவர் வாயில் திணித்துக் கோமுவைக் காப்பாற்றினால், நிஜத்தில் அப்படிக் காப்பாற்ற ஆளில்லாமல் அந்த வண்டிகளில் போன பெண்களுக்கு நான் செய்கிற துரோகம் அது.

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பிக் கதையை முடிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் எழுதிப் பார்த்தேன். கொயினா கருவைக் கலைத்துவிடும் என்ற பயம் அப்போது வீட்டாருக்கும் இருந்தது, கொடுக்கிறவர்களுக்கும் இருந்தது.(2) ஞானையா தயங்கித் தயங்கித்தான் கொடுப்பார். குற்றாலலிங்கம் மரியாதைக்கு வாங்கி மடியில் செருகிக்கொள்வார். ஊர் எல்லை வந்ததும் வாய்க்காலில் வீசிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும். நான்தானே உண்டாக்கினேன்.

ஆக, ஞானையாவிடம் இருப்பது அந்தப் பழைய நோட்டு ஒன்றுதான். கணக்கெடுப்பு முடிந்த பிறகும் அவர் அதைத் தூர எறியவில்லை. பின்பக்கத்தில், மலையடிவாரத்து ஊர்களில் காய்ச்சலோடு பேறுகாலத்தில் இறந்துபோன பெண்களின் பேரை எழுதிவந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஏழு வருஷத்தில் அவர் காதுக்கு வந்தது ஐந்து பேர். போன வாரம் ஐந்தாவது பேரை எழுதிவிட்டு, மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். ஐந்துக்கும் நேரே "தலைப்பிள்ளை" என்று இருந்தது. ஐந்துக்கும் நேரே, வாக்கப்பட்ட வேற்றூரின் பேர் இருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோமு என்ற பேர் அவர் மனசில் வந்து வந்து போனது.

இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. வண்டியடிக்குப் போகலாம்.

(2. "காய்ச்சல்தாம்லே கருவுக்கு அதைவிடப் பெரிய எமன்," என்கிறாள் பியூலா அக்கா. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.)

5

ஞானையா உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். மருந்துக்கு வந்து நின்ற நாலைந்து பேரும் வண்டியடிக்கு வந்துவிட்டார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கவே படித்தார்.

"ஆபிதா பீவி. மேலப்பாளையத்துல கட்டிக்கொடுத்தது. ரெண்டு வருசம் கழிச்சு வந்தா. தலைப்பிள்ளை."

"அது சன்னி கண்டுல்லா போச்சு," என்றார் குற்றாலலிங்கம்.

"சன்னிக்கு முன்னால மூணு தடவ குளிர்காய்ச்சல் அண்ணாச்சி. அடுத்தாப்ல கிரேஸ். எங்க சபைப் பொண்ணு. பாளையங்கோட்டையில வாக்கப்பட்டவ. நாலு வருசம். தலைப்பிள்ளை."

"கண்ணேறா இருக்கும் வே."

"சங்கிலிபூதத்தான் மக. தூத்துக்குடியில கொடுத்தது. தலைப்பிள்ளை."

சங்கிலிபூதத்தான் குற்றாலலிங்கத்துக்கு அடுத்த தெரு. போன மாசிமாசம் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனபோது இவரும் கூட நடந்தவர்.

மீதி இரண்டு பேரையும் ஞானையா படித்து முடித்தார். "இங்கனயே இருந்து ரெண்டு மூணு பெத்தவ ஒருத்திகூட இதுல இல்ல அண்ணாச்சி."

"சரி வே. அதுக்குக் காரணம் என்ன?"

"தெரியலை."

"தெரியலையா?"

"தெரியலைன்னுதான் சொல்லுதேன். அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி சொன்னேனே, அதான் தப்பு. உம்ம மகளைக் காய்ச்சல் என்னைக்கும் ஒண்ணும் செய்யாதுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. சம்பந்தக்காரங்க முன்னாடி ரெண்டாம் தடவையும் சொன்னேன். என்னை மன்னிச்சிரும்."

நாலு பேருக்கு முன்னால் அவர் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை. குற்றாலலிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. கோபமா பயமா என்று அவருக்கே தெரியாத ஒரு குரலில் கேட்டார்:

"அன்னைக்குச் சொன்னது தப்புன்னா, இன்னைக்குச் சொல்லுதது மட்டும் எப்பிடி வே சரியா இருக்கும்?"

(இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நாலாம் பகுதி முழுக்க அதுதான். ஞானையாவிடம் இல்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்கிறார். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை.)

வண்டிக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது. கோமு கையை நீட்டினாள்.

"அந்த நோட்டை இங்கன தாங்க ஐயா."

அவள் புருஷன் டவுணில் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வருஷத்தில் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தான். விரலை வைத்து ஐந்து பேரையும் பைய வாசித்தாள். விரல் அதற்குக் கீழே இறங்கி நின்றது.

"ஆறுன்னு போட்டிருக்கு. நேரே பேரைக் காணுமே?"

ஞானையா நோட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். "அது... ஒரு பழக்கம்மா. அடுத்த எண்ணை முன்கூட்டியே போட்டு வைக்குதது." சொல்லும்போதே அந்த அதிகாரியின் கறார் அவருக்கு ஞாபகம் வந்தது. எண் விழுந்தால் ஆள் வந்தே தீரவேண்டும்.

கோமு நோட்டை மூடவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"யப்பா, சங்கிலிபூதத்தான் மாமா மகளை ரயிலடியில இருந்து கூட்டிட்டு வந்தது, இந்த வண்டிதான?"

குற்றாலலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

கோமு நோட்டை ஞானையாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதுல எம்பேரை எழுதிராதீங்க ஐயா," என்றாள். அவர் கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு அந்த எண்ணைத் தேய்த்துப் பார்த்தார். ஏழு வருஷ நோட்டில் மற்றதெல்லாம் பென்சில். அந்தப் பக்கத்தை மட்டும் மையில் எழுதியிருந்தார். அது போகவில்லை.

குற்றாலலிங்கம் மாட்டைப் பிடித்துவந்து நுகத்தடியைத் தூக்கினார். மருந்துச்சாலை வாசலில் தெரு இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போனால் ரயிலடி. மேற்கே போனால் மலை. மூன்று மணி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. (அந்தக் கால ரயில் அட்டவணை எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று மணி என்பது நான் கோமுவுக்காக வைத்த நேரம்.)

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் வண்டி கிழக்கே திரும்புகிறது. டவுணில் பெண்குழந்தை பிறக்கிறது. அதைப் படித்துவிட்டு அக்கா, "அந்தக் காலத்துப் பேறுகாலத்துல டவுண்ல மட்டும் எல்லாரும் பொழைச்சாங்களாலே?" என்றாள். இன்னொன்றில் வண்டி மேற்கே போகிறது. கார்த்திகை மாசம் முதல் நடுக்கம் வருகிறது. அதைப் படித்துவிட்டு, "எல்லாரும் போயிர மாட்டாங்க. ரத்தம் வத்தி, கையளவு பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு எத்தனையோ பேரு பொழைச்சிருக்காங்க," என்றாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நீங்கள் எங்கள் பக்கத்துக்காரராக இருந்தால், தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போய்த் திரும்பாத ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருந்திருப்பாள். அவள் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு மாட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று நீங்களே சொல்லுங்கள். குற்றாலலிங்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஞானையாவைச் சொல்லப்போய், எழுதி எழுதி அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த எண்ணைப் போட்டுவிட்டேன். நேரே எழுத எனக்குக் கை வரவில்லை.

6